இடது பக்கத் தகரப் பெட்டி

கல்யாணமாகிப் பல வருஷம் வரைக்கும், வெளி ஆண்கள் கேள்வி கேட்டால் பதில் சொல்லும் வழக்கம் என்னிடம் இல்லை. கேள்வி காதில் விழுந்ததுமே கால் தானாகக் கதவுக்குப் பின்னால் போய்விடும். கரண்டு கணக்கு எழுத வருகிறவர் "மீட்டர் எங்கம்மா இருக்குது?" என்று கேட்டால், கதவு இடுக்கிலிருந்து என் விரல் மட்டும் வெளியே வந்து மீட்டரைக் காட்டும். (அந்த மனிதர் எத்தனையோ வருஷம் வந்தார். கடைசிவரை என் முகம் அவருக்குத் தெரியாது. விரலைக் காட்டினால் அடையாளம் சொல்லியிருப்பார்.)

அப்படிப்பட்ட நான், ஒரு பனியன் கம்பெனி முற்றத்தில், டீ குடிக்க வந்த அத்தனை பேரும் பார்க்க, மோட்டார் பைக்கோடு சேர்த்துக் கட்டப்பட்டு முக்கால் மணி நேரம் நின்றேன். கட்டியது வேறு யாருமில்லை, நானேதான்.

எண்பதுகளின் கடைசியில் நடந்தது இது. மண்ணரை என்கிற ஊரில் ஒரு லைன் வீட்டில் குடியிருந்தோம். முன்னறையில் இரண்டு தையல் மெஷின். நான் தைப்பேன். என் வீட்டுக்காரர் கம்பெனிகளிலிருந்து வெட்டிய துணியை வாங்கிக்கொண்டு வருவார், தைத்த பீஸைக் கொண்டுபோய்க் கொடுப்பார். அதற்கென்று ஒரு பழைய மோட்டார் பைக் வைத்திருந்தார். பீஸையெல்லாம் சாக்கில் போட்டு, பின் சீட்டில் ஏற்றி, பழைய சைக்கிள் ட்யூபால் இழுத்துக் கட்டுவார். தூரத்திலிருந்து பார்த்தால் நல்ல பூசினாற்போல ஒரு பெண்ணைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு போகிற மாதிரி இருக்கும். லைன் வீட்டுப் பெண்கள், "உன்ற சக்களத்தி போறா பாரு" என்று என்னைக் கேலி செய்வார்கள்.

ஒரு மழைக்காலத்தில் அந்தச் சக்களத்தி நொய்யல் பாலத்துக்குப் பக்கத்தில் அவிழ்ந்து, சாயத் தண்ணீர் ஓடுகிற பள்ளத்தில் விழுந்துவிட்டாள். வெள்ளையாகப் போன குழந்தை பனியன் மூன்று நிறத்தில் வீட்டுக்குத் திரும்பியது. கம்பெனிக்காரர் ஒரு வார்த்தை திட்டவில்லை. "இனிமே உங்களுக்கு எதுக்குங்க வீண் சிரமம்" என்று மட்டும் சொன்னார். எங்கள் பக்கத்தில் இதைவிடப் பெரிய வசவு கிடையாது. சேதி மற்ற கம்பெனிகளுக்கும் போய்விட்டது. இரண்டு மாதம் வேலை இல்லை. மெஷின் இரண்டையும் பழைய சேலை போட்டு மூடி வைத்தேன். வீட்டில் யாரோ காய்ச்சலில் போர்த்திக்கொண்டு படுத்திருப்பதைப் போலவே இருக்கும். அந்தப் பக்கம் பார்க்கவே மாட்டேன்.

அப்புறம் என் வீட்டுக்காரர் அலைந்து திரிந்து அவிநாசி ரோட்டில் ஒரு பெரிய கம்பெனியைப் பிடித்தார். அங்கிருந்த மேனேஜர் மாதிரிக்கு இரண்டு டஜன் குழந்தை பனியன் தைத்துக் கொண்டுவரச் சொன்னார். மெட்ராசிலிருந்து ஏஜெண்டு ஒருவர் வியாழக்கிழமை வருகிறார், பதினொரு மணிக்குப் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுவார், அவருக்குப் பிடித்தால் வருஷம் முழுக்க வேலை. ஆனால் இரண்டு கண்டிப்பு. பீஸில் ஒரு புள்ளி அழுக்கு இருக்கக் கூடாது. தைத்தவர்களும் நேரில் வர வேண்டும்.

முதல் கண்டிப்பு என் வீட்டுக்காரர் கவலை, இரண்டாவது என் கவலை. மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

பைக்குக்கு இரண்டு பக்கமும் தகரப் பெட்டி செய்து மாட்டிவிட்டால் மழையும் வராது, மூட்டையும் விழாது என்ற யோசனை யாருடையது என்று கேட்டால், இத்தனை வருஷமும் என் தம்பி மணியைக் கைகாட்டி வந்தேன். இப்போது ஒப்புக்கொள்கிறேன். யோசனை என்னுடையது. செய்தது மட்டும்தான் அவன்.

மணி வெல்டிங் பட்டறை வைத்திருந்தான். அவனுக்கு எப்படிச் சொல்லிப் புரியவைப்பது என்று தெரியாமல், எனக்குத் தெரிந்த விதத்தில், பழைய செய்தித்தாளில் பெட்டிக்கு மாதிரி வெட்டினேன். முன்பக்கம், பின்பக்கம், இரண்டு விலா, அடி, மூடி. பனியனுக்கு வெட்டுகிற மாதிரியேதான். அவன் அதைத் தரையில் பரப்பி வைத்து வெகுநேரம் பார்த்தான்.

"ஏக்கா, சுத்தியும் அரை இஞ்சு சேத்தி வெட்டியிருக்கறீங்களே, எதுக்கு?"

"தையலுக்கு உட்டிருக்கறேன்டா."

"தகரத்தத் தெக்கவாக்கா போறோம்?"

"மடிச்சு அடிப்பீல்ல. மடிக்கறதுக்குத் துணி வேண்டாமா?"

அவன் சிரித்துக்கொண்டே மாதிரியைச் சுருட்டினான். ஆனால் மடித்து ரிவெட் அடிக்கும்போது அந்த அரை இஞ்சு சரியாக உதவியது. அதற்கப்புறம் இரண்டு நாள் பட்டறைக்கு வந்தவர்களிடமெல்லாம், "எங்கக்கா தகரத்துக்கே தையல் உட்டவங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தான். பாராட்டா கிண்டலா என்று எனக்குத் தெரியவில்லை. முறுக்கு சுட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன்.

தகரம், யாரோ எடைக்குப் போட்ட பீரோவின் கதவு. இடது பெட்டியின் மேல் பீரோ கைப்பிடி அப்படியே இருந்தது. உள்பக்கம் பீஸ் உரசி அழுக்காகாமல் இருக்க, இரண்டு பெட்டிக்கும் வெள்ளைத் துணியில் உறை தைத்துப் போட்டேன். மணி எல் ஆங்கிள் இரும்பில் சட்டம் செய்து பைக்கில் முடுக்கினான். பெட்டியைச் சட்டத்தில் பிடிக்கிற நட்டு, மூடியின் கீலைப் பிடிக்கிற நட்டு எல்லாவற்றையும் பெட்டிக்கு உள்பக்கம் வைத்தான்.

"வெளிய வெச்சா எவனாச்சும் கழட்டிட்டுப் போயிருவானுங்க மச்சான். இப்ப பூட்டத் தொறந்தாத்தான் பெட்டியக் கழட்ட முடியும். திருடனால ஒண்ணும் பண்ண முடியாது" என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னான்.

அவர் பெட்டியைத் தட்டிப் பார்த்து, "கெட்டிதான்" என்றார். பச்சைப் பெயிண்ட் அடித்தோம். லைன் வீட்டு ஜனமெல்லாம் வந்து பார்த்தது. அன்றைக்கு எங்களுக்கு இருந்த பெருமையைச் சொல்லி முடியாது.

மறுநாள் முதல் பிரச்சினை. வலது பெட்டிக்குக் கீழேதான் சைலன்சர். சோதனைக்கு ஒரு பனியனை அதில் வைத்து என் வீட்டுக்காரர் ஊத்துக்குளி ரோட்டில் ஒரு சுற்றுப் போய் வந்தார். பனியன் முறுகல் தோசையாக வந்து சேர்ந்தது. சரி, பீஸ் எல்லாம் இடது பெட்டியில் போகட்டும் என்று முடிவானது. அப்போது இரண்டாவது பிரச்சினை. இடது பக்கம் கனம், வலது பக்கம் காலி, வண்டி ஒரு பக்கமாக இழுத்தது. எதை வைக்கலாம் என்று வீடு முழுக்கத் தேடி, கடைசியில் அம்மிக் குழவியை எடுத்து வலது பெட்டியில் வைத்தேன். (அந்த வாரம் எங்கள் வீட்டில் சட்னி கிடையாது.)

எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு, வியாழக்கிழமை காலை நான் பைக்கில் ஏறப் போனேன். அப்போதுதான் மூன்று பேருக்கும் தெரிந்தது. அந்தக் காலத்தில் சேலை கட்டிய பெண்கள் பைக்கில் ஒருசாய்த்துத்தான் உட்காருவோம். இரண்டு காலும் இடது பக்கம் தொங்கும். அந்த இடத்தில் இப்போது பீரோக் கதவு இருந்தது. பெட்டியின் நீளம், அகலம், ஆழம், மூடி, கீல் எல்லாவற்றுக்கும் அளவெடுத்தோம். என் காலுக்கு மட்டும் யாரும் அளவெடுக்கவில்லை. நானே எடுக்கவில்லை.

"ஆம்பளைங்க மாதிரி ரெண்டு பக்கமும் காலப் போட்டு உக்காருங்கக்கா" என்றான் மணி.

நான் அவனைப் பார்த்த பார்வையில் அவன் பேச்சை நிறுத்திக்கொண்டான்.

"பெட்டி மேலயே கால வெச்சுக்க புள்ள" என்றார் வீட்டுக்காரர். "கெட்டியாத்தான் இருக்குது."

வேறு வழியில்லை. நேரம் ஒன்பதரையைத் தாண்டிவிட்டது. குழந்தையாக இருந்த மகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, இஸ்திரி போட்ட பீஸை எடுத்துவந்து ஒவ்வொன்றாக இடது பெட்டிக்குள் அடுக்கினேன். அமுக்கினாலே பூட்டிக்கொள்ளும் பூட்டு ஒன்றை மணி வாங்கி வந்திருந்தான். "ஒத்தச் சாவிதானுங்கக்கா, இன்னொண்ணு எங்கயோ உழுந்துருச்சு, பத்திரம்" என்று சாவியை என் கையில் கொடுத்தான். சாவி கைக்கு வந்தால் என்ன செய்வேன்? என் அம்மா செய்ததைத்தான். முந்தானை நுனியில் வைத்து இரண்டு முடிச்சுப் போட்டு முடிந்தேன். பிறகு குனிந்து கடைசி வரிசையைச் சரிசெய்தேன், மூடியைச் சாத்தினேன், பூட்டை அமுக்கினேன். சொடக்கென்று விழுந்தது. அந்தச் சத்தம் எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

அவர் வண்டியைக் கிளப்பினார். நான் ஏறி, முழங்கால் மோவாயில் இடிக்க, பெட்டி மேல் காலை வைத்துக்கொண்டு, அடைகாக்கிற கோழி மாதிரி உட்கார்ந்தேன். வலது பெட்டிக்குள் குழவி உருண்டு, பள்ளத்துக்குப் பள்ளம் 'டங்' என்றது. ரோட்டில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு ஒரே ஒரு ஆறுதல். எப்போது பைக்கில் போனாலும் முந்தானை பறந்து சக்கரத்தில் சிக்குமோ என்று பயந்து சுருட்டிப் பிடித்துக்கொண்டே போவேன். அன்றைக்கு அது கொஞ்சம்கூடப் பறக்கவில்லை. பெட்டி நல்லதாகத்தான் காற்றை மறைக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

கம்பெனி வாசலுக்கு வந்தபோது பத்து இருபது. வாட்ச்மேன் திருநெல்வேலிப் பக்கத்து ஆள். பெரிய கேட்டைத் திறக்காமல், பக்கத்திலிருந்த சின்னக் கதவைக் காட்டினார்.

"வண்டிய இங்கனயே விட்டுட்டு ஆளு மட்டும் உள்ள போங்க."

என் வீட்டுக்காரர் தலையைச் சீவிக்கொண்டே முன்னால் நடந்தார். நான் இறங்கி இரண்டு அடி வைத்தேன். மூன்றாவது அடிக்குத் தோள் பின்னால் இழுத்தது. திரும்பிப் பார்த்தேன். என் முந்தானை பெட்டி மூடிக்குள் போயிருந்தது. வழியெல்லாம் நான் காலை வைத்து அமுக்கியதில் மூடி வேறு உள்வாங்கி, துணியை நன்றாகக் கவ்வியிருந்தது. உள்ளே முந்தானை நுனியில் முடிச்சு. முடிச்சுக்குள் சாவி.

முந்தானையை இழுத்துப் பார்த்தேன், வரவில்லை.

"வா புள்ள, நேரமாச்சு" என்றார் அவர்.

"வர முடியாதுங்க."

வழக்கமான வெட்கம் என்று நினைத்துவிட்டார். "மேனேசர் நல்ல மனுசன், ஒண்ணும் கடிச்சுர மாட்டாரு" என்று திரும்பி வந்து கையைப் பிடித்து இழுத்தார். நான் ஒரு அடி வந்தேன். என்னோடு பைக்கும் ஒரு அடி வந்தது.

அவர் பைக்கைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"சரி, சாவியக் குடு."

நான் மூடியையே பார்த்தேன்.

"சாவி எங்க புள்ள?"

"இருக்குதுங்க."

"எங்க இருக்குது?"

"பத்திரமாத்தான் இருக்குது."

"ஊட்டுலயா?"

"இல்லீங்க. இங்கயேதான்."

வாட்ச்மேன் எழுந்து பக்கத்தில் வந்துவிட்டார். "சாவி எங்கன்னு வெளங்கச் சொல்லுங்கம்மா. அய்யா வேர்த்து விறுவிறுத்து நிக்காகள்லா." ஆண்கள் இரண்டு பேர் ஒரே சமயத்தில் கேள்வி கேட்டதும் கால் பரபரத்தது. ஆனால் ஒளிய அங்கே கதவும் இல்லை, இருந்தாலும் போக வழியில்லை. என் வீட்டுக்காரர் காதோடு சொன்னேன்.

ஆளைத் தனியாக உள்ளே கூட்டிப்போக முடியாது. பெட்டியைக் கழற்றலாம் என்றால் நட்டெல்லாம் உள்ளே. ஆகவே பைக்கையும் தள்ளிக்கொண்டு போக வேண்டும். பைக் அந்தச் சின்னக் கதவில் நுழையாது, பெட்டி இரண்டும் இடிக்கும். லாரிக்கு மட்டும் திறக்கிற பெரிய கேட்டைத் திறந்தார் வாட்ச்மேன். திறப்பதற்கு முன்னால் நோட்டை எடுத்து வைத்துக்கொண்டார். உள்ளே போகிற எல்லாவற்றையும் எழுத வேண்டுமாம்.

"வண்டி ஒண்ணு, பெட்டி ரெண்டு. அம்மாவ வண்டியோட சேத்து எழுதவா, தனியா எழுதவா?"

"சேத்தியே எழுதுங்க" என்றார் என் வீட்டுக்காரர்.

வாட்ச்மேன் பூட்டில்லாத வலது பெட்டியைத் திறந்து பார்த்தார். குழவியை இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்துவிட்டு, "சாம்பிளு இதானா?" என்று கேட்டார். கிண்டல் செய்கிற ஆளாகத் தெரியவில்லை. உண்மையாகவே கேட்டார்.

நாங்கள் முற்றத்துக்குள் நுழையவும் டீ மணி அடிக்கவும் சரியாக இருந்தது. இப்படியொரு நேரத்தை ஜோசியரிடம் கேட்டிருந்தாலும் குறித்துக் கொடுத்திருக்க மாட்டார். டைலர்கள், செக்கிங் பெண்கள், கட்டிங் ஆட்கள் எல்லோரும் டம்ளரோடு வெளியே வந்தார்கள். அவர் பைக்கைத் தள்ள, நான் கன்றுக்குட்டி மாதிரி பக்கத்திலேயே நடந்தேன். அவர் நின்றால் நான் நிற்க வேண்டும், அவர் வேகமாகத் தள்ளினால் நான் ஓட வேண்டும். தலையை எவ்வளவு குனிய முடியுமோ அவ்வளவு குனிந்துகொண்டேன். அந்தக் கம்பெனியின் முற்றத்தில் எங்கெங்கே சிமெண்டு பெயர்ந்திருந்தது என்று இன்றைக்கும் சொல்வேன்.

மேனேஜர் ஓடி வந்து, மெஷின் ரிப்பேர் பார்க்கிற ஃபிட்டரைக் கூப்பிட்டார். ஃபிட்டர் வயசாளி. கண்ணாடியை நூலால் காதில் கட்டியிருந்தார். பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"கீலக் கழட்டலாமுங்களே?"

"நட்டு உள்ள இருக்குதுங்க" என்றார் என் வீட்டுக்காரர்.

"அப்ப பெட்டியவே கழட்டிருவோம்."

"அந்த நட்டும் உள்ளதானுங்க."

"எவனுங்க செஞ்சது இத?"

"என்ற மச்சினன். திருடனுக்குப் பயந்து செஞ்சானுங்க."

"ஒரு திருடன் இருந்திருந்தா இப்ப நமக்கு ஒத்தாசையா இருந்திருப்பான்" என்று சொல்லிவிட்டு, ஆக்ஸா பிளேடை எடுத்துவந்து பூட்டை அறுக்க உட்கார்ந்தார். என் சேலை பக்கத்திலேயே கை போவதில் அவருக்கும் கூச்சம். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டே அறுத்தார். அதனால் பிளேடு பூட்டின் மேல் பாதியும் காற்றில் பாதியுமாக ஓடியது. முதல் பிளேடு ஒடிந்தது.

மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்றுக்குக் கால் மணி இருந்தது. "அந்தம்மாவயாச்சும் மொதல்ல கழட்டி உடலாமுங்க" என்று சொல்லி, கட்டிங் மாஸ்டரைக் கத்திரியோடு வரச் சொன்னார். எனக்கு உயிர் வந்தது. சேலை போனால் போகிறது, வெட்டிவிட்டால் நேரே கேட்டுக்கு ஓடி, ரோட்டைத் தாண்டி, மண்ணரைக்கே நடந்து போய்விடலாம். பீஸை அவர் காட்டிக்கொள்ளட்டும்.

கட்டிங் மாஸ்டர் வந்து, கத்திரியைப் பின்னால் மறைத்துக்கொண்டார். "துணி எத்தன வேணும்னாலும் வெட்டறேனுங்க. கட்டியிருக்கற சேலைய நான் வெட்ட மாட்டேன். எனக்கும் ரெண்டு பொண்ணு இருக்குது" என்று சொல்லிவிட்டுப் போயே போய்விட்டார். என் தலையெழுத்துக்கு, அந்த ஊரிலேயே ரொம்ப மரியாதை தெரிந்த கட்டிங் மாஸ்டர் அவராகத்தான் இருக்க வேண்டும்.

இரண்டாவது பிளேடு பாதி அறுத்திருந்தபோது, மாடியிலிருந்து மெட்ராஸ் ஏஜெண்டு இறங்கி வந்தார். வெள்ளைச் சட்டை, நரைத்த மீசை. கையில் தோல்பை. கார் தயாராக நின்றுகொண்டிருந்தது. மேனேஜர் என்னென்னவோ சொன்னார். அவர் சிரிக்கவில்லை. அதுவே எனக்குப் பெரிய உபகாரமாக இருந்தது.

"பீஸ் உள்ளே இருக்கு, பார்க்க முடியாது. சரி, தைச்சது யாரு?"

"இவங்கதானுங்க" என்று என் வீட்டுக்காரர் என்னைக் காட்டினார். நான் பைக்கின் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கழுத்துப் பட்டி எப்படி வைக்கிறீங்க? போன தடவை வேற ஆள் தைச்சது ரெண்டு தண்ணிக்கே தொளதொளன்னு ஆயிடுச்சு."

நான் பேச மாட்டேன் என்று என் வீட்டுக்காரருக்குத் தெரியும். அதனால் என்னைக் காப்பாற்ற அவரே பதில் சொன்னார். "கழுத்து எவ்வளவு இருக்குதோ அதே அளவுக்குப் பட்டியும் வெட்டி, அப்படியே வெச்சுத் தெச்சர்றதுங்க."

ஏஜெண்டு தலையை ஆட்டிக்கொண்டு தோல்பையைக் கை மாற்றினார். அது போகிறவரின் தலையாட்டல்.

என் நெஞ்சில் யாரோ ஊசியால் குத்தின மாதிரி இருந்தது. அதே அளவுக்கு வெட்டி வைத்தால் தொளதொளவென்றுதானே ஆகும். அப்படி நான் தைப்பதாகச் சொல்கிறாரே. கதவு இருந்திருந்தால் அதன் பின்னால் நின்று மனசுக்குள் திட்டிவிட்டுச் சும்மா இருந்திருப்பேன். கதவு இல்லை. ஓடலாம் என்றால் பைக்கை இழுத்துக்கொண்டு ஓட வேண்டும்.

"இல்லீங்க" என்றேன்.

என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம். என் வீட்டுக்காரர் திடுக்கிட்டுத் திரும்பினார். ஃபிட்டர் அறுப்பதை நிறுத்தினார்.

"பட்டி கழுத்த விட ரெண்டு விரக்கடை கம்மியா வெட்டோணுமுங்க. தெக்கறப்ப இழுத்துப் பிடிச்சுக்கிட்டே போகோணும். அப்பத்தான் தொவச்சாலும் கழுத்த உடாம பிடிச்சிருக்கும். ஒட்டற எடம் பொடனில வரக் கூடாதுங்க, கொழந்த படுத்தா உறுத்தும். எடது தோளுப் பக்கம் கொண்டுபோயிரோணும்."

ஏஜெண்டு தோல்பையைக் கீழே வைத்தார்.

"தோள் இழுபடாம இருக்க?"

"உள்ள நாடா வெச்சுத் தெக்கறனுங்க."

"ஒரு இஞ்சுக்கு எத்தனை தையல்?"

"இஞ்சுக் கணக்கு தெரியாதுங்க. ஒரு அரிசி நீளத்துக்கு மூணு தையல் வரோணும்."

"இதெல்லாம் எங்கே கத்துக்கிட்டீங்க?"

"எங்க புள்ளைக்குப் போட்டுப் பாப்பனுங்க. அழுதா பிரிச்சுருவேன்."

பின்னால் செக்கிங் பெண்கள் சிரித்தார்கள். ஏஜெண்டும் சிரித்தார். நான் அப்போதுதான் தலையை நிமிர்த்திப் பார்த்தேன். முற்றம் முழுக்க முகம். மறுபடியும் குனிந்துகொண்டேன். ஆனால் வாய் மூடவில்லை. அவர் கேட்கக் கேட்கச் சொல்லிக்கொண்டே இருந்தேன். துவைத்தால் எவ்வளவு சுருங்கும், நூல் பிசிறை எந்தப் பக்கம் மடித்து விடுவது, முந்தைய கம்பெனிக்காரர்கள் கழுத்துப் பட்டிக்குத் தந்த ரிப் துணி ஏன் சரியில்லை என்று அவர் கேட்காததையும் சேர்த்துச் சொன்னேன். அத்தனை வருஷம் கதவுக்குப் பின்னால் சேர்த்து வைத்ததெல்லாம் வெளியே வந்தது. என் வீட்டுக்காரர் பைக்கைப் பிடித்துக்கொண்டு, யாரோ புதிய பெண்ணைப் பார்ப்பது மாதிரி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பதினொன்று அடித்துக் கொஞ்ச நேரத்தில் பூட்டு தெறித்தது. மூடியை நெம்பித் திறந்ததும் முதலில் வெளியே வந்தது என் முந்தானை நுனிதான். ஃபிட்டர் அந்த முடிச்சையும், உள்ளே மினுங்கிய சாவியையும், கையிலிருந்த பிளேடையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சாவி இதுக்குள்ளயேவாங்க இருந்துச்சு?"

"ஆமாங்க. பத்திரமா" என்றார் என் வீட்டுக்காரர்.

மேல் வரிசைப் பனியன்களில், அறுக்கும்போது ஃபிட்டர் பூட்டுக்கு விட்ட எண்ணெய் சொட்டியிருந்தது. அடியில் இருந்தவை பளிச்சென்று இருந்தன. ஏஜெண்டு ஒன்றை எடுத்துக் கழுத்தை இழுத்துப் பார்த்தார், தோளைத் திருப்பிப் பார்த்தார். மேனேஜரிடம், "இந்தம்மாவுக்கே கொடுங்க" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

அதன் பிறகு எங்கள் மெஷின்கள் போர்த்திப் படுக்கவே இல்லை. இரண்டு மெஷின் நான்காகி, நான்கு எட்டாகி, நாங்கள் லைன் வீட்டை விட்டு வரும்போது பத்துப் பெண்கள் என்னிடம் வேலை பார்த்தார்கள். இடது பெட்டியை மணி மறுநாளே கழற்றிவிட்டான். வலது பெட்டி மட்டும் ரொம்ப நாள் இருந்தது. அந்தக் கம்பெனி வாட்ச்மேன், நான் போகும்போதெல்லாம் நோட்டை எடுத்துக்கொண்டு, "இன்னைக்குத் தனியாத்தான் வந்திருக்கீகளாம்மா?" என்று கேட்பார். நானும் அதற்குப் பதில் சொல்லப் பழகிக்கொண்டேன்.

ஆனாலும் பிறவிக் குணம் முழுசாகப் போகுமா? உறவுக்காரர்கள் கூடியிருக்கும்போது யாராவது என்னிடம் ஏதாவது கேட்டு, நான் வாயைத் திறக்காமல் நின்றால், என் வீட்டுக்காரர் சொல்வார்: "இது கட்டிப் போட்டாத்தான் பேசும்." மகளைப் பெண் பார்க்க வந்தபோது, சம்பந்தி என் சம்மதத்தைக் கேட்க, நான் கதவைத் தேட, இதையே சொல்லிக் கதை முழுவதையும் அவர்களுக்கு ஒப்பித்துவிட்டார். அப்புறம் அது அவர்கள் வீட்டுக்கும் போய்விட்டது. இப்போது பேரன் பேத்திகள்கூட நான் போனில் பேசாமல் இருந்தால், "அம்மாயிய எதுலயாச்சும் கட்டுங்க" என்கிறார்கள்.

என் வீட்டுக்காரர் இருந்த கடைசி இரண்டு வருஷம் அவருக்குக் கண் நன்றாக மங்கிவிட்டது. சாயங்காலம் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். நான் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து நூல் பிசிறு வெட்டிக்கொண்டிருப்பேன். நான் பேசாமல் இருந்தால், இருக்கிறேனா எழுந்து போய்விட்டேனா என்றே அவருக்குத் தெரியாது. கையால் துழாவி என் முந்தானை நுனியைப் பிடித்து, நாற்காலிக் கையில் ஒரு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போடுவார்.

"ம், இப்பப் பேசு."

நான் பேசுவேன். யார் வீட்டில் என்ன விசேஷம், எந்தத் தெருவில் புதிதாக எந்தக் கம்பெனி வந்திருக்கிறது, எந்தப் பெண் தையலைக் கோணலாகப் போட்டாள் என்று எல்லாம் சொல்வேன். கேட்டுக்கொண்டே தூங்கிவிடுவார். அப்புறம் சத்தமில்லாமல் முடிச்சை அவிழ்த்துக்கொண்டு போய் அரிசி களைவேன்.